கேளுங்க சொல்றேன்: தீர்மான நோட்டுல என்ன எழுதியிருக்கு?

போன இதழ்ல ஊராட்சிக்கு வர்ற பணத்தப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், ஆளாளுக்கு பிடிச்சிக்கிட்டீங்க. கார்டு, கவரு, வாட்ஸ்அப், ஒரு அஞ்சு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் (பின்னாடி ஆடு கத்துது, பாதி புரியல) எல்லாத்துலயும் சுத்திச் சுத்தி ஒரே கேள்விதான்: அந்த பணத்த பத்தி நாம எப்படி கேள்வி கேக்கறது? இருபது வருஷத்துக்கு மேல ஊராட்சி கிளார்க்கா குப்பை கொட்டினவன்ங்கறதால தெரிஞ்சத சொல்றேன். யாரு பேரும் போடல, ஊர்ல நாளைக்கு முகத்துல முழிக்கணும்ல.

"நாலு தடவ கிராம சபைக்கு போயிருக்கேன். டீ, மிக்சர், கையெழுத்து, வீட்டுக்கு வா. இதுக்கு எதுக்கு சார் போகணும்?"
மணப்பாறை பக்கத்து வாசகர்

தம்பி, மொதல்ல என் தப்ப ஒத்துக்கறேன். அந்த தீர்மான நோட்ட (கூட்டத்துல எடுத்த முடிவ எழுதற நோட்டு) தூக்கிக்கிட்டு திரிஞ்ச ஆளுல நானும் ஒருத்தன். கிராம சபைக்கு கோரம்னு ஒண்ணு இருக்கு, ஊர் ஜனத்தொகை 500 வரைக்கும்னா 50 பேர் வரணும், 3,000 வரைக்கும்னா 100, 10,000 வரைக்கும்னா 200, அதுக்கும் மேலன்னா 300. வெயில்ல யாரு வருவா? அப்ப என்ன பண்ணுவோம்னா நூறு நாள் வேலை நடக்கற எடத்துக்கே நோட்டோட போயிடுவோம், அக்காமாருங்க மம்பட்டிய வரப்புல சாச்சுட்டு வரிசையா வந்து கையெழுத்து போடுவாங்க, சிலபேரு கைநாட்டு வைப்பாங்க, தீர்மானம் எழுதவேண்டிய பக்கம் அப்ப வெள்ளையா கெடக்கும், சாயங்காலம் ஆபீஸ்ல ஃபேனுக்கு கீழ உக்காந்து நாங்களே நிதானமா நெரப்பிக்குவோம். ஒரு தடவ ஒரு பாட்டி மட்டும் "என்னய்யா ஒண்ணும் எழுதலையே, எதுக்கு ரேகை வைக்கணும்"னு கேட்டாங்க. நான் ஏதோ சொல்லி மழுப்பிட்டேன். இன்னிக்கும் அந்த பாட்டி முகம் ஞாபகம் இருக்கு.

அதனால நீங்க போகணும், ஆனா கைய வீசிக்கிட்டு போகக்கூடாது. கூட்டத்துக்கு முன்னாடியே நோட்டீஸ் ஒட்டுவாங்க, அப்பவே உங்க கோரிக்கைய மனுவா ரெண்டு காப்பி எழுதி ஆபீஸ்ல குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கி வச்சுக்கோங்க. கூட்டத்துல ஆவேசமா பேசறது முக்கியமில்ல, அத எப்படி எழுதறாங்கன்னு பாருங்க. "தெருவிளக்கு சரியில்லை என பொதுமக்கள் தெரிவித்தனர்"னு எழுதினா அது தீர்மானமே இல்ல, அது செய்தி. "மேற்குத் தெரு மாரியம்மன் கோயில் முதல் ரேஷன் கடை வரை 6 விளக்குகள், இன்ன நிதியில், இந்த நிதியாண்டுக்குள்"னு இருந்தாதான் அடுத்த கூட்டத்துல "என்னாச்சு"ன்னு கேக்க முடியும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி "எழுதினத ஒருக்கா படிங்க சார்"னு ஒரே ஒரு குரல் வரட்டும், பற்றாளர்னு ஒரு அதிகாரி உக்காந்திருப்பார், அவர் முன்னாடி படிச்சே ஆகணும். அப்புறம் அந்த பக்கத்த செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. எங்க காலத்துல யாரும் அப்படி போட்டோ எடுக்கல, தப்பிச்சோம்.

தேதி மறந்துடாதீங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இதெல்லாம் பழசு, 2022ல மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேத்துட்டாங்க. வருஷத்துக்கு ஆறு.

"எங்க பிரெசிடென்ட்ட எது கேட்டாலும் 'ஃபண்டு இல்ல'ங்கறார். நெஜமாவே பணம் வர்றதில்லையா?"
விளாத்திகுளத்துல இருந்து ஒரு டீக்கடை அண்ணன்

வருது அண்ணே. அவர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, அத மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா நாளைக்கு உங்க கடைக்கு வந்து சண்ட போடுவார்.

மத்திய நிதிக்குழு மானியம்னு ஒண்ணு இருக்கு. 15வது நிதிக்குழு 2021லேர்ந்து 2026 வரைக்கும் நாடு முழுக்க கிராம உள்ளாட்சிக்குன்னு ஒதுக்கினது ரெண்டு லட்சத்து 36 ஆயிரத்து 805 கோடி. கேக்க பெருசா இருக்கும், பிரிச்சு பிரிச்சு உங்க ஊருக்கு வர்றப்ப சில லட்சமா ஆயிடும். அந்த சில லட்சத்துக்கும் கயிறு கட்டித்தான் அனுப்புவாங்க. அந்த 15வது நிதிக்குழு விதிப்படி 100 ரூவா வந்தா 30 ரூவா குடிதண்ணி, மழைநீர் சேகரிப்பு, தண்ணி மறுசுழற்சிக்கு மட்டும். இன்னொரு 30 ரூவா சுகாதாரம், குப்பை, கழிப்பறை பராமரிப்புக்கு மட்டும். மிச்சம் 40 ரூவாதான் ஊருக்கு எது தேவையோ அதுக்கு, அதுலயும் சம்பளம் குடுக்கக்கூடாது. நீங்க போய் ரோடு கேப்பீங்க, அவர்ட்ட குப்பைக்கான பணம் இருக்கும், "ஃபண்டு இல்ல"ம்பார். அவர் சொல்றது "ரோட்டுக்கு ஃபண்டு இல்ல". அந்த முதல் வார்த்தைய முழுங்கிடறாங்க, அதான் பிரச்சன.

இதுபோக மாநில நிதிக்குழு மானியம் வருது, வீட்டு வரி, தண்ணி வரின்னு ஊராட்சியோட சொந்த வருமானம் இருக்கு. (வீட்டு வரி கட்டியாச்சா அண்ணே? சும்மா கேட்டேன்.)

இனிமே அவர்ட்ட "பணம் இருக்கா"ன்னு கேக்காதீங்க, "தண்ணிக்குன்னு வந்த பணத்துல இந்த வருஷம் என்ன பண்ணீங்க"ன்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி இ-கிராம் ஸ்வராஜ்னு மத்திய அரசோட சைட்டு இருக்கு, 2020 ஏப்ரல்லேர்ந்து ஓடுது, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊர்னு தேர்ந்தெடுத்தா உங்க ஊர் திட்டம், வரவு, செலவு வரும். ஊர் பேர் ஸ்பெல்லிங் கண்றாவியா இருக்கும், பன்னெண்டாவது படிக்கற புள்ளைய பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. அதுல "குடிநீர் பைப் வேலை முடிஞ்சது"ன்னு இருந்து உங்க தெருவுல பைப்பே இல்லன்னா, அடுத்த கிராம சபைக்கு கேள்வி ரெடி.

"தனி அலுவலர் ஆட்சில கேள்வி கேட்டு என்ன ஆவப்போவுது?"
பேர், ஊர் ரெண்டும் வேண்டாம்னு சொன்ன வாசகர்

நல்ல கேள்வி. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த மாவட்டங்கள்ல 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சு 28 மாவட்டத்து ஊராட்சிங்க தனி அலுவலர் கைக்கு, அதாவது தலைவருக்கு பதிலா அரசு போடற அதிகாரி கைக்கு போச்சு. கிராம சபை அப்பவும் கூடணும், நோட்டு அப்பவும் உண்டு.

ஆனா தேர்ந்தெடுத்த ஆள் இல்லன்னா இன்னொரு அடி விழும், இது நெறைய பேருக்கு தெரியாது. மத்திய நிதிக்குழு மானியம் தேர்தல் நடந்து முறையா அமைஞ்ச உள்ளாட்சிக்குத்தான். 2016லேர்ந்து 2019 வரைக்கும் நம்ம மாநிலத்துல கிராமங்கள்ல தேர்தலே நடக்காம கெடந்துச்சே, அப்ப டெல்லி பணத்த நிறுத்தி வச்சது. நான் சர்வீஸ்ல இருந்த நேரம், பிளீச்சிங் பவுடர் வாங்கவே கடைக்காரர்ட்ட கடன் சொல்லிக்கிட்டு நின்னோம். ஓட்டு போடற நாள் தள்ளிப்போனா நாலு அரசியல்வாதிக்குத்தான் நஷ்டம்னு நெனைப்போம், நம்ம தொட்டி கழுவற காசும் அதோட சேந்துதான் போகுது.

"சஸ்டைனபிள் டெவலப்மென்ட், சஸ்டைனபிள் டெவலப்மென்ட்னு காலேஜ்ல சொல்லிக்கிட்டே இருக்காங்க. எங்க கிராமத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"
திருச்செங்கோடு மாணவி

கண்ணு, 2015ல ஐநா சபைல எல்லா நாடும் சேந்து நீடித்த வளர்ச்சிக்குன்னு (அதான் உங்க சஸ்டைனபிள் டெவலப்மென்ட்) 17 இலக்கு வச்சாங்க, 2030க்குள்ள முடிக்கணும்னு. அத நம்ம பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒன்பது தலைப்பா சுருக்கி, வறுமை இல்லாத ஊர், தண்ணில தன்னிறைவு, பசுமையும் சுத்தமும், பொண்ணுங்களுக்கு ஏத்த ஊருன்னு பிரிச்சு, ஒவ்வொரு ஊராட்சியும் இதுல ஒண்ணு ரெண்டாவது எடுத்து திட்டம் போடுங்கன்னு சொல்லியிருக்கு. ஆபீஸ்ல அது ஃபார்ம்ல டிக் அடிக்கற கட்டம். நானும் அடிச்சிருக்கேன்.

உனக்கு கட்டம் வேண்டாம், ஓடந்துறைய சொல்றேன். மேட்டுப்பாளையம் பக்கத்துல இருக்கற ஊராட்சி. சண்முகம்னு ஒருத்தர் 1996லேர்ந்து 2006 வரைக்கும் தலைவர். தண்ணி மோட்டாரும் தெருவிளக்கும் சேத்து கரண்ட் பில்லு ஊராட்சி கழுத்த நெரிக்குது, என்ன பண்ணலாம்னு யோசிச்சு மொதல்ல கொஞ்சம் சோலார் விளக்கு போட்டாங்க, மரக்கழிவ எரிச்சு கரண்ட் எடுத்து மோட்டார் ஓட்டிப் பாத்தாங்க, அப்புறம் ஒரே தாவா 2006ல ஊராட்சி பேர்லயே 350 கிலோவாட் காத்தாடி ஒண்ணு. விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி சேமிப்பு 40 லட்சம், மிச்சம் 1 கோடியே 15 லட்சம் பேங்க் கடன். ஒரு கிராம ஊராட்சி கோடிக்கு மேல கடன் வாங்குதுன்னா யோசிச்சுப் பாரு, எனக்கு நாப்பதாயிரம் ரூவா பில்லுல கையெழுத்து போடவே கை நடுங்கும்.

இதுல எனக்கு புடிச்ச விஷயம், காத்தாடி அவங்க ஊர்லயே இல்ல. காத்து எங்க நல்லா அடிக்குதோ அங்க, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடில நிக்குது. வருஷத்துக்கு சுமார் ஆறே முக்கால் லட்சம் யூனிட் வரும்னு கணக்கு, ஊருக்கு தேவை நாலரை லட்சம் கிட்ட, மிச்சத்த மின்வாரியத்துக்கு வித்து அந்த வருமானத்துல கடன கட்டினாங்க. திறப்பு விழா முடிஞ்ச அடுத்த வருஷமும், அதுக்கடுத்த வருஷமும் இதுக்கு யாரு செலவு பண்றதுங்கறதுக்கு அந்த திட்டத்துக்குள்ளயே பதில் இருந்துச்சு பாரு, உங்க காலேஜ்ல சொல்ற வார்த்தைக்கு அதான் அர்த்தம்.

இப்ப இன்னொரு ஊரு, பேரு சொல்லல. நான் வேலை பாத்ததுதான். பல லட்சம் ரூவால ஆர்ஓ பிளான்ட், கூரை, டைல்ஸ், கல்வெட்டுல பன்னெண்டு பேரு பேர். எஸ்டிமேட்டுல டைல்ஸ் கலரு வரைக்கும் இருந்துச்சு, அடுத்த வருஷம் ஃபில்டர் யாரு காசுல மாத்தறதுன்னு ஒரு வரி இல்ல. எட்டு மாசம் தண்ணி வந்துச்சு. இப்ப அந்த கூரைக்கு கீழ மத்தியானத்துல வெள்ளாடு படுத்திருக்கு, நல்ல நெழலு.

"எங்க ஊரணிய நாங்களே காசு போட்டு சரி பண்ணலாம்னு இளைஞர்கள் சேந்திருக்கோம். அரசும் பணம் தருமாமே?"
திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

தரும். நமக்கு நாமே திட்டம். 90கள்ல கலைஞர் காலத்துல ஆரம்பிச்சது, 2011ல அம்மையார் ஆட்சில தன்னிறைவுத் திட்டம்னு பேர் மாறுச்சு, 2021ல மறுபடி பழைய பேர். ஆட்சி மாறினா பேர் மாறும், உள்ள சரக்கு கிட்டத்தட்ட அதேதான்: மூணுல ஒரு பங்காவது நீங்க போடணும், மிச்சம் அரசு. கலெக்டர் ஆபீஸ்ல ஊரக வளர்ச்சி பிரிவுல கேளுங்க, ஊராட்சி தீர்மானமும் சேத்து குடுத்துட்டா ஃபைல் வேகமா நகரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை தம்பிகளா. ஜேசிபிய எறக்கி நடுவுல பள்ளம் பறிக்கறதுக்கு பேரு தூர் வார்றது இல்ல. ஊர்ல வயசான ஆளு, பழைய மடைக்காரர் யாராவது இருந்தா கூட்டிக்கிட்டு மொதல்ல வரத்துக்கால் (ஊரணிக்கு தண்ணி கொண்டு வர்ற வாய்க்கா) எங்கேர்ந்து வருதுன்னு நடந்து பாருங்க, முழு தூரமும் நடக்கணும், வண்டில போனா தெரியாது. பாதி எடத்துல வரத்துக்கால் மேல வீடு நிக்கும், இல்ல ஊராட்சியே பேவர் பிளாக் போட்டிருக்கும். அத சரி பண்ணாம ஊரணிய எவ்வளவு ஆழமாக்கினாலும் தண்ணி வந்து சேராது, வெறும் பள்ளம்தான். மண்ணு யாரு லாரில போகுது, எத்தன நடை போகுதுன்னு ஒருத்தர் நோட்டு போட்டு எழுதுங்க. 2017ல குடிமராமத்த, அதாவது ஊர்க்காரங்களே சேந்து ஏரி, கண்மாய பராமரிக்கறத, மறுபடி ஆரம்பிச்சப்ப ஆயக்கட்டுக்காரங்க (அந்த தண்ணில பாசனம் பண்றவங்க) 10 சதவீதம் பணமாவோ உழைப்பாவோ போடணும்னு விதி வச்சாங்க, நல்ல விதி. ஆனா எங்க பக்கம் சில எடத்துல அந்த 10ஐயும் காண்ட்ராக்டரே கட்டிட்டு விவசாயி பேர எழுதிக்கிட்டதா பேச்சு. காசு நம்ம கையிலேர்ந்து போகலன்னா நமக்கு கேள்வி கேக்க தோணாது, அது அவங்களுக்கும் தெரியும். அதனால ஆளுக்கு 200 ரூவான்னாலும் எல்லா வீட்லயும் வாங்குங்க, ஒரே பெரிய மனுஷன்ட்ட மொத்தமா வாங்காதீங்க.

"போன தீபாவளிக்கு போட்ட சிமெண்ட் ரோடு பொங்கலுக்கே பேந்துடுச்சு. யார்கிட்ட போறது?"
ஆரணி வாசகர்

யார்கிட்டயும் போறதுக்கு முன்னாடி பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்குங்க. தகவல் உரிமைச் சட்டம்னா எல்லாரும் கேள்வி கேட்டு பதில் வாங்கறதுன்னு மட்டும் நெனச்சிக்கிட்டிருக்கோம். 2005 சட்டத்துல 2(ஜெ) பிரிவ படிங்க, வேலைய நேர்ல பாக்கலாம், பைல பாத்து குறிப்பெடுக்கலாம், போட்ட பொருள்ல சான்றிட்ட மாதிரி கூட கேக்கலாம். அதாவது அந்த ரோட்டுல ஒரு துண்ட வெட்டி சீல் வச்சு குடுங்கன்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. நான் வேலைல இருந்தப்ப ஒரே ஒரு தடவ ஒரு ரிட்டையர்ட் வாத்தியார் இப்படி எழுதினார். ரோட்ட வெட்டவே தேவைப்படல. மனு வந்த மறுவாரம் காண்ட்ராக்டர் ராத்திரியோட ராத்திரியா மேல ஒரு கோட்டிங் போட்டுட்டார்.

எஸ்டிமேட் காப்பியும் எம் புக் காப்பியும் சேத்து கேளுங்க, எம் புக்குங்கறது ஓவர்சியர் அளந்து எழுதற அளவுப் புத்தகம், அதுல நீளம், அகலம், கனம் இருக்கும். டேப் எடுத்துக்கிட்டு நாலு பேரா போய் அளங்க. தனியா போகாதீங்க. இத நாம கண்டுபிடிக்கல, ராஜஸ்தான்ல படிக்காத கூலிக்காரங்க 1994லயே செஞ்சாங்க, பாலி மாவட்டம் கோட் கிரானால ஊர் நடுவுல உக்காந்து அரசாங்க மஸ்டர் ரோல (யாரு வேலைக்கு வந்தாங்க, எவ்வளவு கூலின்னு எழுதற பட்டியல்) சத்தமா படிச்சாங்க, வேலைக்கே வராதவங்க பேர்லல்லாம் கூலி போயிருந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. தகவல் உரிமைச் சட்டம் வந்ததே அந்த மாதிரி கூட்டங்கள்லேர்ந்துதான்.

"நாங்க டவுன்காரங்க. எங்களுக்கு இதெல்லாம் கெடையாதா?"
பல்லாவரம் வாசகி

உண்டும்மா. வார்டு கமிட்டி, ஏரியா சபைன்னு டவுனுக்கான கிராம சபை மாதிரி. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல ஏரியா சபை நடந்துச்சு, முதலமைச்சரே உங்க பக்கத்துல பம்மல்ல வந்து உக்காந்தார். அதுக்கப்புறம் உங்க வார்டுல எத்தன தடவ கூடுச்சுன்னு கவுன்சிலர கேளுங்க. அவர் முழிச்சார்னா எனக்கு எழுதுங்க.

"மக்களே பட்ஜெட் போடறதெல்லாம் எங்கயாவது நெஜமா நடந்திருக்கா, இல்ல பேச்சுதானா?"
காரைக்குடி வாசகர்

நடந்திருக்கு. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேன்னு ஒரு நகரம், 1989லேர்ந்து முதலீட்டுச் செலவுல (ரோடு, குழாய் மாதிரி புதுசா கட்டற செலவு) ஒரு பங்க எங்க போடறதுன்னு தெருத்தெருவா ஜனங்க கூடி முடிவு பண்ணாங்க. ஏழைங்க மொதல்ல என்ன கேட்டாங்க? பூங்காவா? தண்ணி, சாக்கடை. 1988ல 75 சதவீத வீட்டுக்கு இருந்த இணைப்பு 1997ல 98 சதவீதம் ஆச்சு. ஆனா 2017ல புது மேயர் வந்து அத நிறுத்தி வச்சுட்டார், உலகமே வந்து பாடம் படிச்சிட்டுப் போன ஊருலதான் அந்த கதி. பக்கத்துல கேரளா இருக்கு, 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு மாநிலத் திட்டப் பணத்துல 35லேர்ந்து 40 சதவீதத்த உள்ளாட்சி கையில குடுத்துட்டாங்க. மொதல்ல பணத்த குடுத்துட்டு அப்புறம் "கூட்டம் போடு"ன்னாங்க. நம்ம ஊர்ல கூட்டம் மட்டும் போடச் சொல்றோம், அப்ப ஆளு எப்படி வரும், நானா இருந்தாலும் வரமாட்டேன்.

"நான் வார்டு மெம்பரா ஜெயிச்சேன். கூட்டத்துல என் வீட்டுக்காரர்தான் உக்காந்தார், நான் கையெழுத்து மட்டும். மறுபடி நிக்கச் சொல்றாங்க. நிக்கவா?"
ஒட்டன்சத்திரம் பக்கம், தங்கச்சி ஒருத்தர்

நில்லும்மா. 2016லேர்ந்து உள்ளாட்சில பாதி எடம் பொம்பளைங்களுக்குன்னு சட்டம் இருக்கு, அந்த பாதில நாற்காலி மட்டும் உங்களுக்கு, பேச்சு அவருக்குன்னு எங்கயும் எழுதல. வீட்ல சண்ட போடச் சொல்லல. மொத கூட்டத்துக்கு நீங்களே போங்க, மகளிர் குழு அக்கா ரெண்டு பேர கூட கூட்டிக்கிட்டு போங்க, ஒரே ஒரு விஷயம் மட்டும் கேளுங்க: உங்க வார்டு டேங்க எப்ப கழுவினாங்க, அடுத்து எப்ப கழுவுவாங்க. தொட்டிலயே தேதி எழுதியிருக்கணும். ஏணில ஏறிப் பாக்க ஆபரேட்டர் தம்பிய கூப்பிடுங்க. நீங்க கேட்டதும் கிளார்க் நோட்ட பொரட்டுவான் பாருங்க, அந்த மூஞ்சி எனக்கு நல்லா தெரியும், நானே அப்படித்தான் பொரட்டுவேன்.

"அடுத்த கிராம சபைக்கு நீங்க போவீங்களா சார், இல்ல எழுதறதோட சரியா?"
அதே மணப்பாறை தம்பி, ரெண்டாவது மெசேஜ்

போவேன். எங்க தெரு முக்குல பைப்பு ஒடஞ்சு ஒன்றரை மாசமா தண்ணி ஓடுது, அதுல வாழக்கன்னு ஒண்ணு யாரோ நட்டு வச்சுட்டாங்க, நல்லா வந்துடுச்சு. மனு ரெண்டு காப்பி எழுதியாச்சு, சீல் வாங்கணும். இப்ப இருக்கற கிளார்க் நான் வேலை கத்துக்குடுத்த பையன்தான், போன வாரம் போனப்ப "சார் ஃபண்டு இல்ல சார்"ங்கறான். எதுக்கு ஃபண்டு இல்லன்னு கேட்டுட்டு வந்திருக்கேன்.